கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கிறது. "இந்த பேஷன்ட்டோட அட்டெண்டர் யாருங்க? இங்கே ஒரு சைன் போடுங்க" என்கிறார் செவிலியர். அட்டையில் செருகிய நான்கைந்து தாள்கள். பெரும்பாலும் ஆங்கிலம், தமிழாக இருந்தாலும் பொடி எழுத்து. உள்ளே அப்பாவுக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது எந்த மகன் நின்று படிப்பான்? பேனாவை வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறான். என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பாகாது என்ற வரியும் அந்தத் தாள்களில் ஒன்றில் இருக்கலாம்.

பிறகு ஏதாவது விபரீதமாகிவிட்டால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்பது மருத்துவமனையின் பேச்சு. "விடாதே, போலீஸ்ல கேஸ் கொடு" என்பது உறவுக்காரர்களின் பேச்சு. முதலாவது சட்டப்படி பெரும்பாலும் நிற்காது. இரண்டாவது, கோபத்துக்கு வடிகாலாகுமே தவிர, பெரும்பாலான குடும்பங்களுக்கு நியாயம் வாங்கித் தராது. ஒரு நோயாளியைச் சுற்றி ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், அரசியலமைப்புச் சட்டம், மருத்துவத் துறைச் சட்டங்கள் என்று நான்கு வேலிகள் இருக்கின்றன. எது எப்போது காக்கும் என்பது தெரியாததால்தான் நம் மக்கள் தவறான கதவைத் தட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஓய்ந்துபோகிறார்கள்.

1872-லேயே எழுதிவைத்தது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. ஐ.சி.யு. என்ற ஒன்றை யாரும் கனவுகூடக் கண்டிராத காலம். ஆனாலும் அதன் 16-ஆவது பிரிவு நோயாளியை நினைவில் வைத்திருக்கிறது. வயதாலோ, நோயாலோ, மன வேதனையாலோ, உடல் வேதனையாலோ யோசிக்கும் திறன் தளர்ந்திருக்கும் ஒருவருடன் ஒப்பந்தம் செய்பவர், அவரைத் தன் விருப்பத்துக்கு வளைக்கும் நிலையில் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் தேடினால், அப்படி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம். பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23-ஆவது பிரிவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வகையையே தனியாக வகுத்து, அதை விசாரிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் கையெழுத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. இந்த அறுவைச் சிகிச்சையில் ரத்தப்போக்கு ஏற்படலாம், தொற்று வரலாம், நூற்றில் இத்தனை பேருக்கு இப்படி ஆகலாம் என்று மருத்துவர் எடுத்துச் சொல்லி வாங்கிய கையெழுத்து அவரைக் காக்கும்; காக்கத்தான் வேண்டும். எல்லா எச்சரிக்கையும் எடுத்த பிறகும் நேர்ந்துவிடும் சிக்கலுக்கு மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்து கவனக்குறைவுக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. அறுவை அரங்கில் எண்ண வேண்டிய பஞ்சை எண்ணாமல் வயிற்றைத் தைத்துவிட்டு, படிவத்தைக் காட்டித் தப்பிக்க எந்த நீதிமன்றமும் விடாது.

யார் சம்மதம், எதற்குச் சம்மதம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தெளிவான விடை சொன்னது. டெல்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண். 1995-இல், அடிவயிற்றுப் பிரச்சினைக்கு லேப்ராஸ்கோபி மூலம் பார்த்துச் சொல்கிறோம் என்றுதான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே காத்திருந்த வயதான தாயிடம் இன்னொரு கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்த பிறகுதான் அவருக்கே தெரியும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குக் கொடுத்ததாகாது என்றது நீதிமன்றம். சுயபுத்தியுள்ள, வயதுவந்த ஒருவருக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே சம்மதமில்லாமல் மேலே போகலாம். நோயாளிக்கு மயக்கம் தெளியும்வரை காத்திருக்க முடிந்த இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும் என்றது. கட்டணத்தைக் கேட்கக் கூடாது, 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது உத்தரவு. எடுத்த சிகிச்சை மருத்துவரீதியில் தவறில்லை என்பதால் தொகை குறைந்தது. தன் உடம்பில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமைக்கு இந்தத் தொகை மிக மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். இருந்தும் அந்தத் தீர்ப்பின் கொள்கை இன்றும் உயிரோடிருக்கிறது.

அந்தக் கொள்கை நம் ஊர்களில் அன்றாடம் மீறப்படுவது பெண்கள் விஷயத்தில்தான். "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான்" என்று சொல்லிக் கருக்கலைப்புக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணென்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருக்கும் அங்கே வேலையில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகச் சட்டம் ஒன்று சொல்ல, கவுன்ட்டர் இன்னொன்று சொல்கிறது.

வேண்டாம் என்று சொல்வதும் உரிமைதான். இனிச் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உயிருக்கான உயிலை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டும் என்ற நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும் என்று 2023 ஜனவரியில் தளர்த்தியது.

வாசலில் திருப்பி அனுப்பினால்

1980-களின் பிற்பகுதியில் ஒரு ஸ்கூட்டர்காரரை வேகமாக வந்த கார் மோதியது. யாரோ ஒரு நல்ல மனிதர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார். இது மெடிக்கோ-லீகல் கேஸ், நாங்கள் தொடக்கூடாது, 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை மருத்துவமனை வாசலுக்கே கொண்டுவந்தது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. போலீஸ் நடைமுறை அதன் பிறகு. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் இந்தக் கடமை உண்டு.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னோர் அரசு மருத்துவமனைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஓரிடத்தில் படுக்கை காலியில்லை, இன்னோரிடத்தில் ஸ்கேன் இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு. அவர் சார்ந்திருந்த தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதைவிடப் பெரிது அது சொன்ன காரணம்: நிதி இல்லை என்று சொல்லி அரசு இந்த அரசியலமைப்புக் கடமையிலிருந்து விலக முடியாது.

அவசர சிகிச்சைக்குச் சட்டத்தில் வேறு சில ஊன்றுகோல்களும் உண்டு. விபத்தில் காயம்பட்டவருக்கு எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டியது மருத்துவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு அலைக்கழிக்கக் கூடாது என்ற 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு, 2019-இல் 134-ஏ பிரிவாகவே சட்டத்தில் ஏறிவிட்டது. அமில வீச்சுக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 200-ஆவது பிரிவின்படி ஓராண்டுவரை சிறை. இதைத் தெரிந்துவைத்திருக்கும் வார்டு ஊழியர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட ஓரடி முன்னே நிற்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடங்கும்போது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அவர் எந்த ஊர்க்காரர், காப்பீட்டு கார்டு இருக்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. 2025 மே மாதம் ஒன்றிய அரசும், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாளைக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணமில்லாச் சிகிச்சை என்ற திட்டத்தை அறிவித்தது. "அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்ற வாசகத்துக்கு, விபத்து வழக்கிலாவது இனி இடமே இருக்கக் கூடாது.

காவல் நிலையம் ஏன் கடைசிக் கதவு

இங்கேதான் வாசகர்கள் பலருக்கு என்னோடு கருத்து வேறுபாடு வரும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "எஃப்.ஐ.ஆர். வேண்டாம்" என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். குற்றமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குற்றவியல் சட்டம் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

1995 பிப்ரவரி. லூதியானாவின் ஒரு பெரிய மருத்துவமனையில், முற்றிய புற்றுநோயோடு சேர்க்கப்பட்டிருந்த முதியவருக்கு இரவில் மூச்சு முட்டியது. மருத்துவர் வந்து சேரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வாயில் பொருத்திய ஆக்சிஜன் சிலிண்டரில் காற்றே இல்லை. மகன் பக்கத்து அறைக்கு ஓடி இன்னொரு சிலிண்டரைத் தூக்கிவந்தார். அதை இயக்க ஆளில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைப் படிக்கும் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்த மருத்துவர் மீதான குற்ற வழக்கை ரத்து செய்தது. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு மருத்துவமனை உரிமையியல் வழக்கில் பதில் சொல்ல வேண்டி வரலாம். மருத்துவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்கான குற்றம் அவர்மீது சாட்டப்பட்ட செய்கையில் இல்லை என்றது. வழக்கறிஞர்கள் 'ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு' என்று சொல்வது இதைத்தான்.

அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் இது: குற்றவியல் வழக்குக்கு வெறும் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். சாதாரண அறிவும் விவேகமும் உள்ள எந்த மருத்துவரும் அந்த இடத்தில் செய்திருக்கவே மாட்டார் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி வழக்கை மேலே கொண்டுபோகும் முன், அந்தத் துறையில் தகுதியுள்ள, சார்பற்ற ஒரு மருத்துவரிடம், கூடுமானால் அரசு மருத்துவரிடம், கருத்துப் பெற வேண்டும். புகார் வந்த மாத்திரத்தில் மருத்துவரைக் கைது செய்யக் கூடாது.

2022 நவம்பரில் சென்னையைக் கலங்கவைத்த ஒரு மரணம் நினைவிருக்கும். முழங்கால் ஜவ்வு அறுவைக்காக அரசு மருத்துவமனைக்குப் போன 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு, அறுவைக்குப் பின் போட்ட கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டது; காலை எடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கேயும் காவல்துறை முதலில் சந்தேக மரணம் என்றே பதிந்தது. மருத்துவக் குழுவின் அறிக்கை கவனக்குறைவு என்று சொன்ன பிறகுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுக்கு வழக்கு மாற்றப்பட்டது. ஜேக்கப் மேத்யூ வழி நடைமுறையில் இப்படித்தான் போகும்: முதலில் அறிக்கை, பிறகு வழக்கு.

2024 ஜூலை 1 முதல் 304-ஏ போய், பி.என்.எஸ். 106-ஆவது பிரிவு வந்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பொதுவாக ஐந்தாண்டுவரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததென்றால் இரண்டாண்டுவரை. மருத்துவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சட்டத்தில் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்தது. இப்போது சிறையோடு அபராதமும் என்று இருக்கிறது. அபராதத்தோடு மட்டும் முடிந்துவிடும் வழி அடைபட்டிருக்கிறது.

ஒரே மரணத்தை இரண்டு சட்டங்கள் எவ்வளவு வேறுவிதமாக அளக்கும் என்பதற்குக் கொல்கத்தா வழக்கைவிடப் பெரிய சாட்சி இல்லை. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த 36 வயதுப் பெண்ணுக்குத் தோலில் தடிப்பு வந்தது. அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு ஊசி, பிறகு தோல் உரியும் கொடிய நோய். 1998 மே மாதம் இறந்தார். மருத்துவரான அவருடைய கணவர் எல்லா வழியிலும் போராடினார். குற்றவியல் வழக்கில் மருத்துவர்கள் விடுதலையானார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே தீர்ப்பிலேயே, இழப்பீட்டுக்குரிய கவனக்குறைவு நடந்திருக்கிறது என்றும் சொன்னது. 2013 அக்டோபரில் இறுதித் தொகை ஏறத்தாழ 5.96 கோடி ரூபாய், வட்டியோடு. சிறைக்கு அனுப்ப முடியாத அதே சாட்சியம், கோடிகளில் இழப்பீடு வாங்கித் தரப் போதுமானதாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: மிகக் கடுமையான கவனக்குறைவு வெளிப்படையாகத் தெரிந்தால் காவல் நிலையம் போங்கள், பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மற்ற எல்லோருக்கும் முதல் கதவு நுகர்வோர் ஆணையம்தான்.

மருத்துவர் மீது கைவைப்பது எந்தச் சூழலிலும் பதிலாகாது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் நோயாளி ஒருவரின் மகன். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கே முறையிடுவது, எத்தனை நாளில் பதில் வரும் என்பது தெரியாத குடும்பங்களின் ஆத்திரத்தை அந்தச் சட்டத்தால் மட்டும் தணிக்க முடியாது.

தாளில் இருக்கிறது பலம்

1995 நவம்பரில், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் மருத்துவமனை அதில் வராது. ஆனால் கட்டண நோயாளியும் இலவச நோயாளியும் ஒரே இடத்தில் இருந்தால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்த நிறுவனமோ பில் கட்டினாலும் அது இலவசம் ஆகாது. 2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது மசோதாவில் இருந்த 'மருத்துவ சேவை' என்ற சொல் விடுபட்டதைக் காட்டி, இனி மருத்துவர்கள்மீது இங்கே வழக்கில்லை என்று வாதாடிப் பார்த்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது.

இந்தக் கதவின் நல்ல குணங்கள் பல. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவை மருத்துவமனை மீது தேனியிலிருந்தே புகார் செய்யலாம். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, நீங்கள் கட்டிய தொகை. 50 லட்சம் ரூபாய்வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடிவரை மாநில ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நிபுணர் சாட்சியம் இல்லாமல் புகாரையே ஏற்க முடியாது என்பதும் சரியல்ல. ஹைதராபாத்தில் மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கில், தவறு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிபுணரைத் தேட வேண்டியதில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த வழக்கெல்லாம் நிற்பது மருத்துவ ஆவணத்தின் மேல். அழுது ஓய்ந்து, காரியம் முடிந்து, மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கேஸ் ஷீட் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள். வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள். செவிலியர் குறிப்பு, மருந்து கொடுத்த பட்டியல், மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம், எல்லாம் கேட்கலாம். விபத்து வழக்கென்றால் விபத்துப் பதிவேட்டின் நகலும் (ஏ.ஆர். காப்பி) கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும்.

பில் கவுன்ட்டரில் இன்னொரு போராட்டம் நடக்கும். "மீதியைக் கட்டினாத்தான் டிஸ்சார்ஜ்." மருத்துவமனைக்கு வரவேண்டிய பணத்தை வசூலிக்க உரிமையியல் வழக்குப் போடலாம், ஆளைப் பிடித்துவைக்க முடியாது. பாக்கிக்கு நோயாளியைப் பிணையாக வைத்திருக்கக் கூடாது என்று 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை அடைத்துவைப்பது பி.என்.எஸ். 127-ஆவது பிரிவில் குற்றம். காவல் நிலையத்துக்கு உடனே போக வேண்டிய, போனால் பலன் கிடைக்கும் இடம் இதுதான். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்து, 2019-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனமும் இதைச் சொல்கிறது. இறந்தவரின் உடலைப் பாக்கிக்காகத் தர மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. காப்பீட்டில் கேஷ்லெஸ் என்றால், அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால், அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில்.

எழும்பூரிலிருந்து டெல்லிவரை

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29-ஆவது வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிக் குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் வைக்கப்படும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கலாம். சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை; செய்யச் சொல்லவும் இல்லை. பெற்றோருக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. தந்தை உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1 அன்று ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் தர உத்தரவானது. எதிர்கால மருத்துவச் செலவையும், வருடாவருடம் ஏறும் விலைவாசியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட தீர்ப்பு அது. பின்னால் வரும் எத்தனையோ குழந்தைகளுக்கு வழிகாட்டி. ஆனால் அதற்குள் அந்தக் குழந்தைக்கு ஏறத்தாழ 19 வயது.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று நுகர்வோர் சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. மூன்று மாதம் எங்கே, 19 ஆண்டு எங்கே? சட்டங்கள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன. அவை எல்லாம் விபரீதம் நடந்த பிறகு, தீர்ப்புகளின் பக்கங்களிலிருந்து தேடி எடுக்க வேண்டியவையாக இருக்கின்றன. நோயாளிகள் உரிமைச் சாசனம் அழகானது, மீறினால் தண்டனை என்ன என்று அதில் இல்லை. 1997-இல் நிறைவேறி, 2018-இல் விதிகள் வந்த பிறகே உயிர்பெற்ற தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கவனமெல்லாம் பதிவிலும் வசதிகளிலும் ஆய்விலும்தான்.

2023 மார்ச்சில் ராஜஸ்தான் நாட்டிலேயே முதலாவதாகச் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அவசர சிகிச்சையை முன்பணம் இல்லாமல் தர வேண்டும் என்றதும் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் செலவை யார் கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயமிருந்தது. அந்தக் கேள்விக்கு விபத்து விஷயத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே விடை கண்டுவிட்டது: 48 மணி நேரச் செலவை அரசு கொடுக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் பங்கேற்கின்றன. மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023-லிருந்து இங்கே இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி, பிரசவச் சிக்கல் ஆகியவற்றுக்கும் அதே 48 மணி நேர ஏற்பாட்டை நீட்டி, அரசாணையாக இல்லாமல் சட்டமாகவே கொண்டுவர முடியும். அரசாணையை அடுத்த அரசாணை மாற்றிவிடலாம். சட்டமென்றால் நோயாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக முடியும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனம். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தில் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கேஸ் ஷீட் தராவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் மருத்துவரும் சட்டம் அறிந்தவரும் சேர்ந்த குழு, புகார் வந்து இத்தனை நாளுக்குள் தன் கருத்தைக் குடும்பத்தின் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் இதை எழுப்பப்போகும் உறுப்பினர் யார் என்று ஒவ்வொரு தொகுதியிலும் கேட்கலாம்.